ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குப் பின்னால் யார்? குமரி மாவட்டத்தில் கேள்வி கேட்க ஒரு வழிகாட்டி

நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தின் சாஃப்ட்வேர் வரப்போகிறது, அல்லது வந்தே விட்டது, அதைக் கேள்வி கேட்டாக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது. கட்சிக் கிளைச் செயலாளர், தொழிற்சங்கத்துக்காரர், பங்குப் பேரவை உறுப்பினர், நற்பணி மன்றத்துப் பிள்ளைகள், யாராக இருந்தாலும் சரி. தொடங்குவதற்கு வக்கீல் வேண்டாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும், கோபத்தைச் சில மாதம் அடக்கி வைக்கிற குணமும் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள், நாம் கம்ப்யூட்டரை எதிர்க்கவில்லை. ஆசாரிபள்ளத்தில் எடுத்த ஸ்கேன் தக்கலை டாக்டரின் திரையில் தெரிந்தால் நல்லதுதான். இன்றைக்கும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பப்படுகிற நோயாளி மஞ்சள் பையில் நாலு வருஷத்துச் சீட்டுகளையும் சுமந்துகொண்டுதான் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டுகிறார். "கம்ப்யூட்டர் ஒழிக" என்று அட்டை பிடித்தால் ஓ.பி. வரிசையில் நிற்கிறவரே நம்மைத் திட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது. தனியார் என்பதே குற்றம் என்றும் சொல்ல முடியாது, 2008 முதல் நாம் கூப்பிட்டால் வருகிற 108-ஐ நடத்துவதே அரசு ஒப்பந்தம் பெற்ற ஒரு வெளி அமைப்புதான். நம் கேள்வி வேறு: நோயாளியின் விவரம் யார் கையில் இருக்கிறது, எந்தக் காகிதத்தின் பேரில் இருக்கிறது, அவர்களை வெளியே அனுப்ப வேண்டிய நாள் வந்தால் அனுப்ப முடியுமா.

இலவசம் என்னும்போதே கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள், நம் ஊர் நர்ஸ்மார் பலர் வேலை பார்க்கிற, அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான அதே என்.எச்.எஸ்.ஸில். 2020 மார்ச்சில், கொரோனா பரபரப்புக்கு நடுவில், அமெரிக்காவின் பாலன்டிர் நிறுவனம் அங்கே தகவல்களைத் தொகுக்கும் வேலைக்குள் வந்தது. கட்டணம் 1 பவுண்டு. உளவு அமைப்புகளுக்கும் ராணுவத்துக்கும் மென்பொருள் செய்து வளர்ந்த நிறுவனம் 1 பவுண்டுக்கு ஏன் வேலை செய்கிறது என்று அப்போதே சிலர் கேட்டார்கள், அந்த ஒப்பந்தத்தை வெளியே கொண்டுவரவே வழக்குப் போடத் தயாராக வேண்டியிருந்தது, வழக்குத் தாக்கலாவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் அரசு அதைக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் 2.3 கோடி பவுண்டுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம். 2023 நவம்பரில் பாலன்டிர் தலைமையிலான கூட்டணிக்கு 33 கோடி பவுண்டு வரை, ஏழு ஆண்டுக்கு. டாக்டர்கள் சங்கமான பி.எம்.ஏ. எதிர்த்தது, சுகாதார ஊழியர்கள் லண்டனில் என்.எச்.எஸ். தலைமை அலுவலக வாசலை மறித்தார்கள். ஆனால் அதற்குள் இந்த நிறுவனத்தின் கருவியில் வேலை செய்து பழகிவிட்ட அமைப்பாக என்.எச்.எஸ். மாறியிருந்தது.

பக்கத்திலேயே இன்னொன்று. 2020 ஏப்ரலில் கேரள அரசு கொரோனா கண்காணிப்பில் இருந்தவர்களின் விவரங்களை ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தளத்தில் ஏற்றியது. அதுவும் இலவசம்தான். சட்டத்துறைக்குக் காட்டாமலே ஒப்பந்தம், தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னித்தலா கிளப்பினார், வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது, ஏப்ரல் 24-ல் இடைக்கால உத்தரவு வந்தது: பெயர், அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் நிறுவனத்துக்குக் காட்ட வேண்டும், இனிமேல் விவரம் வாங்கும்போது இது வெளி நிறுவனம் பார்க்கக்கூடியது என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும். மே மாதத்திலேயே அரசு நிறுவனமான சி-டிட் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நேரம். கேரளத்தில் சில வாரத்தில் பிடித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரி அந்தத் தளத்தை நம்பி வாழப் பழகுவதற்கு முன்னால். அதனால் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் "சோதனை முறையில்", "முன்னோடித் திட்டமாக", "சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதியில்", "அரசுக்குச் செலவின்றி" என்ற சொற்களை எங்கே பார்த்தாலும் வெட்டி வையுங்கள். பணம் கைமாறவில்லை என்றால் டெண்டர் எதற்கு என்று சொல்லிவிட வழி கிடைக்கிறது, டெண்டர் இல்லையென்றால் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் வெளிச்சமும் விழாது.

எந்தக் கதவு

நம் மாவட்டத்தில் அரசு மருத்துவம் ஒரே அதிகாரியின் கீழ் இல்லை, இது தெரியாமல் மனு எழுதி ஓய்ந்துபோனவர்கள் உண்டு. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது, அங்கே டீன்தான் தலை. தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை, குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி எல்லாம் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், அதற்கு மாவட்டத்தில் இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை, மாவட்ட சுகாதார அலுவலர். வாங்குவது பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னையில். காப்பீட்டுத் திட்டம் தனி உலகம், அதில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே தனியார் நிர்வாக நிறுவனங்கள் இருக்கின்றன.

நிறுவனத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது பெரிய துப்பறியும் வேலை இல்லை. சீட்டின் அடியில் பொடி எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறது, குறுஞ்செய்தி யார் பெயரில் வருகிறது, டேட்டா என்ட்ரி செய்கிற பிள்ளையின் கழுத்து அட்டையில் யார் பெயர், சம்பளம் யார் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையை மிரட்டாமல், படம் பிடிக்காமல் கேளுங்கள், ஒப்பந்தக் கூலியில் நிற்கிறவரை நாம் வேறு மாட்டிவிடக் கூடாது.

தகவல் மனு

இங்கேதான் மெனக்கெட வேண்டும். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரிவு 6(1)-ன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. சங்கத்தின் பெயரில் எழுதாதீர்கள், குடிமகனுக்குத்தான் உரிமை என்று திருப்பி அனுப்ப இடம் கொடுத்துவிடும், ஒரு ஆளின் பெயரில் எழுதுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மாநில அரசின் இணையதளம் வழியாகவும் அனுப்பலாம்.

"ஏன் தனியாரிடம் கொடுத்தீர்கள்?" என்று எழுதினால் பதிலே வராது, ஏனென்றால் அது கருத்து, தகவல் இல்லை. நகல் கேளுங்கள். எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி:

"தங்கள் மருத்துவமனையில் புற நோயாளிகள் பதிவுக்குப் பயன்படுத்தப்படும் மென்பொருள் தொடர்பான அரசாணை, இயக்குநரின் சுற்றறிக்கை ஆகியவற்றின் நகல். அந்த மென்பொருளை வழங்கும் அல்லது பராமரிக்கும் நிறுவனத்துடனான ஒப்பந்தம், புரிந்துணர்வு ஒப்பந்தம், அவற்றின் இணைப்புகள், திருத்தங்கள் அனைத்தின் நகல். துணை ஒப்பந்தக்காரர்களின் பெயர்ப் பட்டியல். நோயாளிகளின் விவரங்கள் சேமிக்கப்படும் சேவையகம் யார் பெயரில், எந்த நாட்டில் உள்ளது என்பதைக் காட்டும் ஆவணம். அரசு ஊழியர் அல்லாத எத்தனை பேருக்கு உள்நுழைவு வழங்கப்பட்டுள்ளது என்ற எண்ணிக்கை, பணிவாரியாக. நோயாளியிடம் பெறப்படும் ஒப்புதல் படிவத்தின் நகல். கடந்த ஓராண்டில் மென்பொருள் செயல்படாத நாட்களின் பதிவேட்டு நகல்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் "ஒப்பந்தம் எங்களிடம் இல்லை, சென்னையில் இருக்கிறது" என்பார்கள், பல சமயம் அது உண்மையும்கூட. அப்படியானால் பிரிவு 6(3)-ன்படி ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆனால் சுற்றறிக்கை, ஒப்புதல் படிவம், வேலை செய்யாத நாட்களின் பதிவு, இவை உள்ளூரிலேயே இருந்தாக வேண்டியவை. "அப்படி ஒரு படிவம் இல்லை" என்று எழுத்தில் பதில் வந்தால் அதுவே உங்கள் முதல் ஆயுதம், பத்திரிகையாளர் கூட்டத்தில் அந்த ஒரு தாள் போதும்.

அடுத்த மறுப்பு "வணிக இரகசியம்", பிரிவு 8(1)(ஈ). ஒப்பந்தம் முடிவாகிப் பொதுப் பணம் போகத் தொடங்கிய பிறகு விலையையும் நிபந்தனையையும் இதைச் சொல்லி மூட முடியாது என்று தகவல் ஆணையங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. மேல்முறையீட்டில் பொது நலன் பெரிது என்ற பிரிவு 8(2)-ஐயும், மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மற்றதைக் கொடுக்கச் சொல்லும் பிரிவு 10-ஐயும் குறிப்பிடுங்கள். இங்கிலாந்தில் அந்த 33 கோடி ஒப்பந்தத்தை வெளியிட்டபோது 586 பக்கத்தில் 417 பக்கத்தை மறைத்துத்தான் கொடுத்தார்கள், அதற்கே இன்னொரு சட்டப் போராட்டம் நடந்தது. கறுத்த பக்கம் வந்தால் சோர்ந்துபோகாமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் காரணம் கேட்டு எழுதுங்கள்.

தனிநபர் தகவல் என்ற மறுப்பை உடைப்பது 2025 நவம்பருக்குப் பிறகு கடினமாகிவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன் விதிகளை அறிவித்த கையோடு, தகவல் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவில் இருந்த "பொது நலன் இருந்தால் கொடுக்கலாம்" என்ற வாசலை அடைத்துவிட்டார்கள். நோயாளியைக் காக்க வந்ததாகச் சொல்லும் சட்டத்தில் நோயாளியைக் காக்கும் பகுதிகள் அமலுக்கு வர 18 மாதம் அவகாசம், நாம் கேள்வி கேட்கும் வாசலை அடைக்க மட்டும் அவகாசம் இல்லை. எனவே அதிகாரிகளின் பெயர் கேட்காதீர்கள், பதவி கேளுங்கள். ஆட்களின் பட்டியல் கேட்காதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, பிடிக்காவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருக்க வேண்டிவரும், அதுவரை சும்மா இருக்க வேண்டாம்.

ஒப்பந்தம் கையில் கிடைத்தால்

"தரவு அரசுக்கே சொந்தம்" என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும், அதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதற்குக் கீழே, அடையாளம் நீக்கிய தரவை நிறுவனம் தன் தயாரிப்பை மேம்படுத்தப் பயன்படுத்தலாமா என்று பாருங்கள். லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை சிறுநீரகச் செயலி ஒன்றைச் சோதிக்க 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கூகுளின் டீப்மைண்டுக்குக் கொடுத்தது, 2017-ல் அந்த நாட்டுத் தகவல் ஆணையர் அது சட்டப்படி நடக்கவில்லை என்று சொன்னார். அதிலும் நல்ல நோக்கம்தான் இருந்தது.

அடையாளம் நீக்கினால் போதும் என்பார்கள். இரையுமன்துறையிலோ முட்டத்திலோ ஒரு சின்னக் கடற்கரைத் தெருவில் 34 வயது, பெண், தைராய்டு புற்று, பின்கோடு என்று நாலு விவரம் இருந்தால் போதும், பெயரை ஊரே சொல்லிவிடும். கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும் விஷயம் இது.

இதே இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லியாக வேண்டும். மணவாளக்குறிச்சி மணல் ஆலை, மோனசைட் என்ற கதிர்வீச்சுள்ள கனிமம், கடற்கரையில் புற்றுநோய் என்ற பேச்சு எத்தனை வருஷமாக நடக்கிறது! கிள்ளியூர் தாலுகாவில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோதும் மக்கள் முதலில் கேட்டது ஊர்வாரியாக நோய்க் கணக்கைத்தான். அந்தக் கணக்கு நமக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஆள்வாரியான பதிவுகள் ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கலாம். எனவே கோரிக்கை எழுதும்போது எதிர்ப்பு மட்டும் போதாது, இந்த வரியையும் சேருங்கள்: ஊராட்சி, பேரூராட்சி வாரியாக, ஆள் அடையாளம் தெரியாத அளவுக்குத் தொகுத்த நோய்க் கணக்கை ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். தகவல் ஊருக்கு, விவரம் நோயாளிக்கு.

ஒப்பந்தத்தில் வேறு என்ன பார்ப்பது? தகராறு எந்த ஊர் நீதிமன்றத்தில். ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில், எந்த வடிவில் தரவைத் திருப்பித் தர வேண்டும், அழித்ததற்குச் சான்று யார் கொடுப்பார். அந்தத் திரும்பி வரும் தரவை வேறு மென்பொருளில் திறக்க முடியுமா, இதுதான் உயிர்நாடி, முடியாது என்றால் ஏழு ஆண்டு ஒப்பந்தம் எழுபது ஆண்டு ஒப்பந்தம். மூல நிரல் (சோர்ஸ் கோட்) யாருக்கு. திருட்டு நடந்தால் யார் யாருக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும். மென்பொருள் நின்றுபோனால் என்ன ஏற்பாடு: 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை இணையத் தாக்குதல் முடக்கியபோது நாட்டின் முதல்தர மருத்துவமனையே நாள்கணக்கில் கையால் எழுதித்தான் ஓட்டியது.

ஊழியர்களை முதலில் சேருங்கள்

இங்கிலாந்தில் எதிர்ப்புக்குக் கனம் கொடுத்தது கட்சிகளைவிட டாக்டர்களும் நர்ஸ்களும்தான். இங்கே கிராம சுகாதார செவிலியர்களைக் கேளுங்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) போடுவதில் தொடங்கி ஒரே விவரத்தை எத்தனை தளத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது, சிக்னல் இல்லாத மலையோரத்தில் ராத்திரி வீட்டுக்கு வந்து எப்படி ஏற்றுகிறார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் 2021 முதல் வீடு வீடாகப் போகிறவர்களுக்கும் இது தெரியும். புதுத் தளம் என்றால் அவர்களுக்கு இன்னொரு சுமை, நோயாளிக்கு இன்னொரு ஐந்து நிமிடம் குறைவு. ஆனால் அரசு ஊழியரைப் பெயர் சொல்லி மேடையில் பேச வைக்காதீர்கள், சங்கம் வழியாகவே போங்கள்.

அரசியலாக்குவது

அரசியலாக்காதீர்கள் என்று நிச்சயம் ஒருவர் வந்து சொல்வார். பொதுப் பணம், பொது ஆஸ்பத்திரி, இதில் அரசியல் இல்லாமல் வேறு எதில்?

கிராம சபையில் தீர்மானம் போடலாம், ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசியது குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட, கூட்டம் சேர்க்க நல்ல நாள். ஆனால் நம் மாவட்டத்தில் பாதி ஊர் பேரூராட்சி, அங்கே கிராம சபை கிடையாது, பகுதி சபைதான், அது நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தீர்மானம் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடாது. எம்.எல்.ஏ.வின் மேசையில் வைக்க ஒரு காகிதம் கிடைக்கும், அவ்வளவுதான், அதுவே நிறைய. திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் ரசீது எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஆறு சட்டமன்றத் தொகுதி உறுப்பினர்களுக்கும் ஒரே கேள்வியை எழுதிக் கொடுங்கள், சுகாதாரத் துறை மானியக் கோரிக்கைக்கு முன்னால். நீளமாக வேண்டாம், பேரவையில் அப்படியே வாசிக்கக்கூடிய இரண்டு வரி. கணக்குத் தணிக்கையையும் கோருங்கள்: 2023-ல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி.தான் ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தார், அதுவும் எல்லாம் ஒன்பதாக ஒரு எண்.

கட்சிகளிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஸ்பிரிங்ளர் விவகாரத்தில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்ட இடதுசாரிகளும் எதிர்த்து நின்ற காங்கிரசும், 2021-லும் 2024-லும் இந்தப் பக்கம் ஒரே வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டவர்கள். யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, எதிர்க்கட்சியில் இருக்கும்போது பேசியதை ஆளும்போது நினைவுபடுத்த ஒரு தாள் வேண்டும், அதற்காக.

நீதிமன்றம் கடைசியில். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் சொன்ன தீர்ப்பும், கேரள உத்தரவும் கையில் இருக்கட்டும், மதுரைக் கிளைக்குப் போவதற்கு முன்னால் தகவல் மனுவின் பதில்கள் கோப்பில் இருந்தால் வக்கீலின் வேலை பாதி முடிந்துவிடும்.

அப்புறம், போராட்டம் ஒரு பக்கம் நடக்க, நாளைக்கே ஓ.பி.க்குப் போகிறவர் என்ன செய்வது? ஆபா என்ற, மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்குக்கான 14 இலக்க எண் விருப்பத்தின் பேரில்தான், அது இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது. வரிசையில் க்யூஆர் அட்டையைக் காட்டி ஸ்கேன் பண்ணச் சொன்னால், விருப்பமில்லை என்றால் சாதாரணச் சீட்டு கேளுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் செயலிக்குள் போய், யார் யாருக்குப் பதிவுகளைப் பார்க்க ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள், வேண்டாததைத் திரும்பப் பெறலாம், எண்ணையே முடக்கவோ நீக்கவோ வழி உண்டு. வயதானவர்களுக்குப் பேரப்பிள்ளையின் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்கும், ஓ.டி.பி. யாருக்குப் போகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.